மெழுகு ஆறுவதற்குள்

ஃபயூம் முகங்களைப் பற்றி யார் எழுதினாலும் முதல் பத்தியிலேயே "அப்படியே ஃபோட்டோ மாதிரி இருக்கு" என்று வந்துவிடுகிறது. இப்போது அதற்கும் ஒரு படி மேலே போய், அந்த முகங்களைக் கண் சிமிட்ட வைத்து, லேசாகச் சிரிக்க வைத்து வீடியோ போடுகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கும் மெய்சிலிர்த்தது, மறுக்கவில்லை. நாலாவது வீடியோவில் எரிச்சல் வந்தது. எதற்கு எரிச்சல் என்று யோசித்ததன் விளைவுதான் இந்தக் குறிப்பு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. எகிப்து ரோமின் ஆட்சியில் இருந்த காலம். கி.பி. 1ஆம் நூற்றாண்டில் தொடங்கி 3ஆம் நூற்றாண்டு வரைக்கும், அதற்குக் கொஞ்சம் பிறகும்கூட, வசதியுள்ளவர்கள் இறந்தால் உடலை மம்மியாகச் சுற்றி, முகம் இருக்கும் இடத்தில் மெல்லிய பலகையில் வரைந்த ஒரு முகத்தைச் செருகினார்கள். கெய்ரோவுக்குத் தென்மேற்கே உள்ள ஃபயூம் பகுதியில் நிறையக் கிடைத்ததால் அந்தப் பெயர். இன்று உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில் ஆயிரத்தையொட்டி இருக்கின்றன. 1887 வாக்கில் தியோடர் கிராஃப் என்ற வியன்னா வியாபாரி ஒரு பெரிய தொகுப்பை வாங்கி ஐரோப்பா முழுக்கக் காட்டி விற்றார். 1888இல் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி ஹவாராவில் தோண்டினார். அங்கே கிடைத்த மம்மிகளில் நூற்றுக்கு ஒன்றிலோ இரண்டிலோதான் ஓவியம் இருந்தது என்பது அவர் கணக்கு. அப்படியானால் நாம் பார்ப்பது ஊரில் வசதியான சிலரின் முகங்களை மட்டும். "பண்டைய எகிப்தியர்களின் முகம்" என்று தலைப்புப் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் படங்களில் ஒரு பகுதி டெம்பெரா, அதாவது பசையிலோ முட்டையிலோ நிறத்தைக் குழைத்துப் பூசுவது. இன்னொரு பகுதி என்காஸ்டிக். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு "சுட்டுப் பதித்தது" என்று பொருள். தேன்மெழுகை உருக்கி, அதில் நிறப்பொடியைக் கலந்து, சூட்டோடு மரத்தில் இழுப்பது. நம்மைத் திரும்பத் திரும்பப் பார்க்க வைக்கும் முகங்களில் மிகப் பல இந்த மெழுகு வகைதான். அது தற்செயல் இல்லை என்பது என் கட்சி.

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸுக்குள் உருகும். அதற்குக் கீழே வந்தால் கட்டி. இடையில் ரொம்பக் குறுகிய ஒரு பருவம் உண்டு, வெண்ணெய் மாதிரி. எண்ணெய் வண்ணத்தில் இன்று பூசிவிட்டு நாளைக்கு வந்து திருத்தலாம். நீர்வண்ணத்தில் ஒன்றிரண்டு நிமிடமாவது அவகாசம் உண்டு. மெழுகில் அது கிடையாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, செய்து பார்ப்பது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய தோசைக்கல்லை மின் அடுப்பில் வைத்து, கடையில் வாங்கிய தேன்மெழுகை உருக்கி, செம்மண் காவியைக் கலந்து, ஒரு பலாப்பலகைத் துண்டில் கன்னம் வரையலாம் என்று உட்கார்ந்தேன். கல்லுக்கும் பலகைக்கும் நடுவில் ஒன்றரை அடி தூரம். தூரிகை அங்கே போய்ச் சேர்வதற்குள் நுனி இறுகிவிட்டது. அழுத்தினால் சறுக்குகிறது, விட்டால் ஒட்டிக்கொள்கிறது. பலகையை அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி, அதையும் கொஞ்சம் சூடாக்கிய பிறகுதான் ஒரு கோடு ஒழுங்காக விழுந்தது. அந்தக் கோடு விழுந்தது விழுந்ததுதான். கன்னம் வரவில்லை, ஆனால் ஒரு விஷயம் புரிந்தது. மெழுகில் வரைகிறவனுக்கு "பார்த்துக்கலாம்" என்ற சொல்லே கிடையாது. எங்கே போடப் போகிறோம், எந்தத் திசையில் இழுக்கப் போகிறோம் என்பதைத் தூரிகையை எடுக்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

இன்றைய ஓவியர்கள் இதற்கு ஒரு சௌகரியம் செய்துகொள்கிறார்கள். மெழுகோடு டமர் என்ற பிசினைச் சேர்ப்பார்கள், எட்டுப் பங்குக்கு ஒரு பங்கு என்பது பரவலான அளவு. அது மெழுகைக் கெட்டிப்படுத்தும், கொஞ்சம் பளபளப்பும் தரும். டமர் தென்கிழக்காசிய மரப்பிசின், நம்ம ஊர்க் குங்கிலியத்துக்குப் பங்காளி. பழங்கால ஓவியர்களிடம் அது இருந்ததில்லை. (சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துத்தான் சிலைக்கு மெழுகு அச்சு பிடிக்கிறார்கள். கிட்டத்தட்ட அதே கலவை. அங்கே மெழுகு உருகி வெளியே ஓடினால்தான் வேலை முடியும், இங்கே அது நின்றால்தான்.) இன்னொன்று, ஒவ்வொரு அடுக்கையும் பூசியபின் மேலிருந்து சூடு காட்டிக் கீழ் அடுக்கோடு ஒட்ட வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் உரிந்து வரும். "சுட்டுப் பதித்தது" என்ற பெயர் இங்கேதான் பொருந்துகிறது. அடியில் இருக்கும் பலகை வளையக் கூடாது, மெழுகை உறிஞ்சவும் வேண்டும். செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கல் 93 டிகிரியைத் தாண்டக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ரொம்பச் சூடானால் மெழுகிலிருந்து அக்ரோலின் கிளம்பும், கண்ணும் தொண்டையும் எரியும். 1940களில் பாஸ்டனில் என்காஸ்டிக்குக்குப் புத்துயிர் கொடுத்தவர்களில் ஒருவரான கார்ல் ஸெர்பே, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் கடைசியில் மெழுகையே விட வேண்டி வந்தது.

சரி, படத்துக்கு வருவோம். நல்ல தெளிவான பிரதி கிடைத்தால் ஒரு மெழுகு முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உடையும் பின்னணியும் தூரிகையில் விறுவிறு என்று இழுத்தவை. நாலு பட்டையில் ஒரு தோள் முடிந்திருக்கும். முகத்துக்கு வந்ததும் வேலை மாறிவிடுகிறது. சின்னச் சின்னப் பட்டைகள், கன்னம் வளையும் பக்கமே வளைந்து, மூக்குத் தண்டில் நேராக இறங்கி, கண்ணுக்குக் கீழே அரைவட்டமாகச் சுற்றி. பல முகங்களில் தூரிகையோடு கெட்டியான ஒரு கருவியும் பயன்பட்டிருப்பது தெரிகிறது. மெழுகு இறுகும் நேரத்தில் அதை வைத்துத் தள்ளிய தடம், உழுத நிலம் மாதிரி. அந்த வரப்புகளில் அறையின் வெளிச்சம் படுகிறது. தோல் உயிரோடு இருப்பது போலத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஓவியர் வரைந்த வெளிச்சம் ஒன்று, மெழுகின் மேடுபள்ளத்தில் நிஜமாகவே விழும் வெளிச்சம் இன்னொன்று. ஃபோட்டோவில் இந்த இரண்டாவது வெளிச்சம் கிடையாது. டெம்பெரா முகங்களிலும் கிடையாது. அவை மெல்லிய குறுக்குக்கோடுகளால் ஆனவை, மேல்பரப்பு தட்டை. அழகில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவற்றை நாம் சித்திரமாகத்தான் பார்க்கிறோம். மெழுகு முகங்களைத்தான் ஆளாகப் பார்க்கிறோம்.

கண் சிமிட்டும் வீடியோ முதலில் அழிப்பது இந்த வரப்புகளைத்தான். முகத்தை அசைக்க அதை வழவழப்பாக்கியாக வேண்டும். வழவழப்பானதும் ஓவியரின் கை போய்விடுகிறது. மிஞ்சுவது யாரோ ஒரு ரோமானியப் பெண்ணின் ஃபோட்டோ, அதுவும் பொய்யான ஃபோட்டோ.

ஓவியர் என்று சொல்கிறேனே தவிர, அவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை. வேடிக்கை என்னவென்றால், மெழுகோவியர்களின் பெயர்கள் வேறொரு இடத்தில் கொட்டிக் கிடக்கின்றன. மூத்த பிளினி தன் இயற்கை வரலாற்றின் 35ஆம் புத்தகத்தில் ஓவியர்களைப் பட்டியல் போடுகிறார். மெழுகில் வரைவதை யார் கண்டுபிடித்தார்கள் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை என்கிறார். பாலிக்னோட்டஸ் காலத்திலேயே இருந்தது என்கிறார். சிக்யோனைச் சேர்ந்த பாசியாஸ், அவர் காதலித்த பூமாலை கட்டும் கிளிசெரா என்று கதையும் சொல்கிறார். பழைய முறைகள் இரண்டு, ஒன்று மெழுகில், ஒன்று தந்தத்தின் மேல் செஸ்ட்ரம் என்ற கூர்முனைக் கருவியால். கப்பல்களுக்கு வண்ணம் பூசத் தொடங்கியபோது மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது, மெழுகை உருக்கித் தூரிகையால் பூசுவது. வெயிலும் உப்புத்தண்ணீரும் காற்றும் அதைக் கெடுப்பதில்லை என்று குறிப்பிடுகிறார். கப்பல் பூச்சு வேலைக்கும் முக ஓவியத்துக்கும் ஒரே சரக்கு, ஒரே கை வாகு! கலை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த வரியை வேகமாகத் தாண்டிப் போவதைக் கவனித்திருக்கிறேன்.

பிளினியின் பட்டியலில் எனக்குப் பிடித்தவர் சிசிகஸைச் சேர்ந்த இயயா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். ரோமில் தூரிகையாலும் செஸ்ட்ரத்தாலும் வரைந்தார், பெரும்பாலும் பெண்களின் முகங்கள். கண்ணாடி பார்த்துத் தன் முகத்தையும் வரைந்தார். அவரைவிட வேகமான கை யாருக்கும் இல்லை, அந்தக் காலத்தின் பிரபல முக ஓவியர்களான சோபோலிஸையும் டியோனிசியஸையும் விட அவருக்குக் கூலி அதிகம். "வேகமான கை" என்பதைப் படிக்கும்போது என் தோசைக்கல் ஞாபகத்துக்கு வந்தது. மெழுகில் வேகம் என்பது கூடுதல் தகுதி இல்லை, அடிப்படைத் தேவை. இயயா வரைந்த ஒரு படம்கூட இன்று இல்லை. பிளினி பெயர் சொல்லும் மெழுகோவியர் எவருடைய படமும் இல்லை. பெயர் உள்ளவர்களுக்குப் படம் இல்லை, படம் உள்ளவர்களுக்குப் பெயர் இல்லை.

படமே இல்லாமல் வெறும் எழுத்தை வைத்துச் சண்டை போட்ட காலமும் ஒன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டு பாரிஸ். கோம்ட் டி கேலஸ் என்ற பிரபு பிளினியைப் படித்து, தொலைந்துபோன மெழுகு முறையைத் தான் மீட்டுவிட்டதாக அறிவித்தார். 1754இல் ஜோசப்-மரி வியெனை வைத்து மினர்வா தலை ஒன்றை மெழுகில் வரைய வைத்தார். அடுத்த வருடமே திதெரோ பெயர் போடாமல் ஒரு சிறுபுத்தகம் வெளியிட்டுக் கேலஸைக் கிண்டலடித்தார். இதை முதலில் கண்டுபிடித்தது பாஷெலியே என்ற ஓவியர்தான், முறையை ரகசியமாக வைத்திருப்பது என்ன நியாயம் என்பது அவர் வாதம். சண்டையின் உள்ளே இருந்த கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. பிளினி "பியூனிக் மெழுகு" என்று ஒன்றைச் சொல்கிறார். மஞ்சள் மெழுகைக் காற்றில் வைத்து, கடல்நீரில் நைட்ரம் சேர்த்துத் திரும்பத் திரும்பக் கொதிக்கவிட்டு, மேலே மிதப்பதை எடுத்து வெயிலில் வெளுப்பது. இது வெறும் சுத்திகரிப்பு என்பது ஒரு கட்சி. காரம் சேர்ந்ததால் மெழுகு சோப்பு போலாகித் தண்ணீரில் கரைந்திருக்கும், அதனால் சூடில்லாமலே பூசியிருக்கலாம் என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சி ஜெயித்தால் நான் மேலே சொன்ன அவசரக் கதையில் ஒரு பகுதி அடிபடும். அதை ஒத்துக்கொண்டே சொல்கிறேன்: கெட்டிக் கருவியின் தடம் உள்ள முகங்களைப் பார்க்கும்போது, அங்கேயாவது சூட்டு மெழுகு வேலைதான் நடந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஆய்வகத்தில் சோதித்துத் தீர்க்கலாமே என்றால், அங்கேயும் ஒரு சிக்கல். பீட்ரி தோண்டி எடுத்தபோது மெழுகு பொரிந்து உதிரும் நிலையில் இருந்த படங்களின் மேல் புது மெழுகை உருக்கிப் பூசினார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அன்றைக்கு அப்படிச் செய்யாமலிருந்தால் சில முகங்கள் லண்டன் வந்தே சேர்ந்திருக்காது. ஆனால் இன்று ஒரு துளி எடுத்துச் சோதித்தால் அது 2ஆம் நூற்றாண்டு மெழுகா, 19ஆம் நூற்றாண்டு மெழுகா என்று முதலில் பிரிக்க வேண்டியிருக்கிறது. கெட்டி அமெரிக்காவில் 2013இல் தொடங்கிய அப்பியர் என்ற கூட்டுத் திட்டத்தில் பல நாட்டு அருங்காட்சியகங்கள் தங்களிடம் உள்ள பலகைகளின் மரம், நிறம், பசை விவரங்களை ஒரே இடத்தில் சேர்க்கின்றன. லிண்டன் மரம் எகிப்தில் வளராதது. ஆனாலும் நிறையப் பலகைகள் அதுதான், வெளியிலிருந்து வந்த சரக்கு. கெட்டி அருங்காட்சியகத்தில் உள்ள ஹெராக்ளெய்டஸ் என்ற இளைஞனின் மம்மியில் பூசிய சிவப்பு ஈயம் ஸ்பெயினின் ரியோ டிண்டோ சுரங்கப் பக்கத்திலிருந்து வந்தது. ஒரு முகம் வரைய மத்தியதரைக் கடலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சரக்கு நகர்ந்திருக்கிறது.

நிறத்தில் ஒரு குறும்பும் உண்டு. வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு, கறுப்பு என்ற நாலே நிறத்தில் வரைவதுதான் உயர்ந்த கிரேக்க மரபு என்று பிளினி எழுதியிருக்கிறார். ஃபயூம் முகங்களும் மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். பெர்க்லியில் ஹெர்ஸ்ட் அருங்காட்சியகத்திலிருக்கும் டெப்டுனிஸ் படங்களை நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். சில படங்களில் எகிப்திய நீலம் ஒளிந்திருந்தது. அடிக்கோட்டிலும், வெள்ளை உடையின் நிழலிலும், வெறும் கண்ணுக்கு நீலமாகவே தெரியாதபடி. சபையில் நாலு நிறம், சமையலறையில் ஐந்தாவது.

அதே டெப்டுனிஸிலிருந்து வந்த ஒரு பலகைதான் "ஃபோட்டோ மாதிரி" என்ற பேச்சுக்கு என் முக்கிய பதில். அது முடிக்காத வேலை. ஒரு பெண்ணின் முகம் வெறும் கோட்டில் இருக்கிறது. கூடவே எது எந்த நிறம் என்று கிரேக்கத்தில் குறிப்புகள். இதன் பொருள் என்ன? ஓவியர் ஆளைப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டு, நிறத்தைக் குறித்துக்கொண்டு, பட்டறைக்குத் திரும்பி வரைந்திருக்கிறார், அல்லது பட்டறையில் வேறொருவர் கையில் கொடுத்திருக்கிறார். முகத்தின் உள்விவரம் முழுக்கப் பழக்கத்திலிருந்து வந்தது. முக்கால் பக்கமாகத் திரும்பிய தலை, கொஞ்சம் பெரிதாக்கிய கண், ஒரே பக்கத்திலிருந்து விழும் வெளிச்சம், இதெல்லாம் கையில் ஊறிய வாய்ப்பாடு. 2020இல் மியூனிக்கில் ஒரு குழந்தை மம்மியை ஸ்கேன் செய்து, எலும்பிலிருந்து முகத்தைத் திரும்பக் கட்டிப் பார்த்தார்கள். ஹவாராவைச் சேர்ந்த, மூன்று நான்கு வயதுப் பையன். ஓவியத்தோடு நன்றாகவே பொருந்தியது. ஆனால் ஓவியத்தில் மூக்கும் வாயும் ஒடுங்கி, பையன் வயது கூடித் தெரிகிறான். தப்பாக வரைந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. வளர்ந்தவர்களை வரைந்து பழகிய கை, செத்துப்போன குழந்தையைக் கொஞ்சம் வளர்த்துவிட்டிருக்கிறது. இதை எந்தக் கேமராவும் செய்யாது.

ஜான் பெர்ஜர் இந்த முகங்களைப் பற்றி எழுதிய கட்டுரையை நிறையப் பேர் எடுத்துக்காட்டுகிறார்கள். மண்ணுக்குள் போகப் போகிறவை இவை, பின்னால் வருகிற நமக்காக வரையப்பட்டவை அல்ல, அதனால்தான் இந்தப் பார்வையில் அப்படி ஒரு நெருக்கம் என்பது அதன் சாரம். படிக்கும்போது ஆளை இழுத்துப் போடும் எழுத்து. ஆனால் சான்று முழுசாக அவர் பக்கம் இல்லை. பல பலகைகளின் மேல்முனைகள் மம்மித் துணிக்குள் செருகுவதற்காகப் பிறகு வெட்டப்பட்டவை. ஹவாராவில் மரச்சட்டம் போட்ட ஒரு படமே பீட்ரிக்குக் கிடைத்தது, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சட்டம் போடுவது சுவரில் மாட்டத்தானே? அப்படியானால் இவற்றில் சிலவாவது வருடக்கணக்கில் வீட்டில் தொங்கி, விளக்குப் புகை பட்டு, வந்தவர் போனவரெல்லாம் பார்த்த படங்கள். மண்ணுக்குள் போனது அவற்றின் இரண்டாவது வேலை. பெர்ஜரின் கண்ணை நம்புகிறேன், அவர் சொல்லும் காரணத்தை முழுக்க நம்பவில்லை.

எகிப்துக்குப் பிறகு மெழுகின் கதை சீக்கிரம் மெலிந்துவிடுகிறது. சினாய் பாலைவனத்தில் புனித கேத்தரின் மடத்தில் உள்ள 6ஆம் நூற்றாண்டு கிறிஸ்து படம் மெழுகில் வரைந்தது. உருவ எதிர்ப்பாளர்களின் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்ததால் தப்பியது. அதன்பின் டெம்பெரா மேலே வந்துவிட்டது. 1922இல் தியேகோ ரிவேரா மெக்சிகோ நகரில் தன் முதல் சுவரோவியத்தை மெழுகில் போட்டுப் பார்த்துவிட்டு ஈரச்சுண்ணாம்பு முறைக்குப் போய்விட்டார்.

மெழுகின் குணத்தை மறுபடி சரியாகப் பிடித்தவர் என்று நான் நினைப்பது ஜாஸ்பர் ஜான்ஸை. 1954-55இல் அமெரிக்கக் கொடியை வரையும்போது எனாமல் பெயின்ட் காயவே மாட்டேன் என்றது, அதனால் மெழுகுக்கு மாறினார். ஒரு பட்டை விழுந்த கணமே இறுகிவிடும், அடுத்ததோடு கலக்காது. அடியில் ஒட்டிய செய்தித்தாள் துண்டுகளும் தெரியும். அவருக்குத் தேவைப்பட்டது மெழுகின் பளபளப்பு இல்லை, அதன் பொறுமையின்மை. ஃபயூம் கன்னத்தையும் இந்தக் கொடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரே விஷயம் தெரியும், ஒவ்வொரு பட்டையும் தனியாக நிற்கிறது. இன்று என்காஸ்டிக் என்று தேடினால் வருவது வேறு. ஊதுவிளக்கை வைத்து உருக்கி ஓடவிட்டு, தேன் நிறத்தில் மினுங்கும் அருவ ஓவியங்கள். பார்க்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே முடிவெடுப்பது மெழுகு, வரைகிறவர் வேடிக்கை பார்க்கிறார்.

வீடியோ போடுகிறவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆர்தெமிடோரஸின் மம்மி இருக்கிறது. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கம், சிவப்புப் பூச்சு, தங்கத்தகடு. பெரும்பாலான முகங்கள் உடலிலிருந்து பிய்த்து விற்கப்பட்டுவிட்ட நிலையில் இவன் முகம் இன்னும் இவனோடேயே இருக்கிறது. ஸ்கேன் செய்தபோது உடலும் இருபது வயதை ஒட்டிய இளைஞனுடையது என்று தெரிந்தது, படமும் அப்படித்தான். மார்புக்கு மேலே கிரேக்கத்தில் பெயர் சொல்லி விடைகொடுக்கும் ஒரு வரி, அதில் எழுத்துப்பிழை. முகத்துக்கு வந்தவர் அவ்வளவு கவனமாக வேலை செய்திருக்கிறார், எழுத வந்தவர் அவசரத்தில் இருந்திருக்கிறார், யாரும் திருத்தவில்லை. அந்தப் படத்தை அசைக்காமல், வழவழப்பாக்காமல், அந்தப் பிழையும் தெரிகிற மாதிரி முழுசாக ஒரு நிமிடம் காட்டுங்கள்.